இரண்டாவது கை

அந்த வசந்தத்தில் பன்னிரண்டு வெள்ளிக்கிழமைகள் ருபா வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரவில்லை. அம்மான் நகரத்தில் ஒரு வெள்ளி தவறினால் காய்ச்சலா என்று கேட்பார்கள். இரண்டு தவறினால் யாரோடு சண்டை என்று கேட்பார்கள். பன்னிரண்டு தவறினால் கேட்கவே மாட்டார்கள். தாங்களாகவே ஒரு முடிவு கட்டிவிடுவார்கள்.

நுஸ்ஹா மலையில் மூன்றாவது மாடி வீடு. அதில் ருபாவும் அவள் அம்மாவும். வெள்ளிதோறும் தொழுகை முடிந்ததும் தபர்பூரிலிருந்து அண்ணன் குதைபா மனைவியோடு வருவான். அம்மா மக்லூபா என்னும் இறைச்சிச் சோற்றுப் பானையைத் தட்டில் கவிழ்ப்பாள். அவனுடைய காரின் சைலன்ஸர் ஓட்டை தெருமுனையிலேயே ஊருக்குச் சேதி சொல்லும். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் ருபா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்பக்கப் படிகளில் இறங்கிவிடுவாள். போக இடம் கிடையாது. அலுவலகம் பூட்டியிருக்கும். லுவைப்தா மலையின் படிக்கட்டுகளில் ஏறுவாள், இறங்குவாள், நின்றபடியே ஒரு ஃபலாஃபல் ரொட்டியைக் கடித்துப் பாதியைத் தூக்கிப் போடுவாள். அண்ணன் கிளம்பியிருப்பான் என்று நிச்சயமான பிறகு வீடு திரும்புவாள். முப்பத்தைந்து வயதுப் பெண் செய்கிற காரியமா என்று அவளே தன்னைத் திட்டிக்கொள்வாள். அடுத்த வெள்ளியும் இறங்குவாள்.

அண்ணன் மேல் அவளுக்குக் கோபமே இல்லை. அவன் அவள் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

வெளிநாட்டு வீடியோ கேம்களை அரபியில் எழுதுவது ருபாவின் வேலை. பதினான்கு வருடமாக அதுதான் சோறு போடுகிறது. என்ன வேலை என்று கேட்கும் உறவினர்களிடம் "மொழிபெயர்ப்பு" என்பாள். கோர்ட்டுப் பத்திரமாக்கும் என்று அவர்கள் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். அந்த மரியாதையை அவள் எதற்குக் கெடுப்பாள்? அது கேம் என்று குதைபாவுக்குத் தெரியும்.

இந்த வேலை அவளுக்கு எப்படி வந்தது என்றால், ஒரு ஹீட்டரால் வந்தது. அகபா துறைமுகத்துக்கு லாரி ஓட்டிய அப்பா ஒருமுறை ஒரு கேம் பெட்டி வாங்கி வந்தார். அதோடு இரண்டு கன்ட்ரோலர்கள். அங்கே கன்ட்ரோலரைக் 'கை' என்றுதான் சொல்வார்கள். முதல் குளிர்காலத்திலேயே இரண்டாவது கை மண்ணெண்ணெய் ஹீட்டர் மேல் இருந்து உருகிப்போனது. அங்கே வைத்தது ருபா. ஆகவே இரண்டாவது கை பற்றிப் பேச அவளுக்கு வாயில்லை. குதைபா ஆடுவான். அவள் பக்கத்தில் அகராதியோடு உட்கார்ந்து, திரையில் வரும் ஆங்கிலத்தை அவனுக்கு அரபியில் சொல்வாள். இப்படியே அவனுக்கு விரல் தேறியது, அவளுக்கு மொழி தேறியது.

அதில் ஒரு தொந்தரவு இருந்தது. அவள்தான் முதலில் வாசிப்பாள் என்பதால் எல்லாம் அவளுக்குத்தான் முதலில் தெரியும். ருபாவின் முகமோ கண்ணாடி ஜன்னல். நண்பனாக வந்தவன் துரோகி என்றால் வாயைத் திறப்பதற்கு முன்பே புருவம் சொல்லிவிடும். கதையை முன்கூட்டிச் சொல்லிக் கெடுப்பதை அந்த ஊரில் 'எரிப்பது' என்பார்கள். "எரிச்சிட்டே, மறுபடியும் எரிச்சிட்டே" என்று குதைபா கத்துவான். கடைசியில் அவளைத் தன் முதுகுக்குப் பின்னால் உட்காரச் சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு ருபா கதைகளைச் சொன்னதெல்லாம் அவனுடைய பிடரியிடம்தான்.

அவளுக்கு இருபது, அவனுக்கு இருபத்துமூன்று வயதில் 'உப்புக் கிணறு' வந்தது. அட்டை உறைகூட இல்லாத ஒரு கேம் தட்டு. கடையில் பழைய தட்டுகள் போட்டிருந்த பெட்டியில் கைவிட்டு எடுத்தது. யார் செய்தது, எதைப் பற்றியது, எத்தனை நீளம், ஒன்றும் தெரியாது. வறண்ட கிணற்றில் ஒருவன் இறங்குகிறான். அடியிலிருந்து ஒரு குரல் அவனோடு பேசுகிறது. ஒன்பது நாள் அண்ணனும் தங்கையும் அந்தக் கிணற்றுக்குள் கிடந்தார்கள். முடிந்ததும் குதைபா டிவியை அணைத்தான். பிறகு கேட்டான்.

"அந்தக் குரல் 'நீ, நீ'ன்னு கூப்பிடுதே. உன்னையும் சேர்த்துத்தானே?"

"கை உன்கிட்டதானே இருக்கு," என்றாள் ருபா.

பிறகு அவனுக்குக் கல்யாணம். பல் செய்யும் கூடத்தில் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்கு அளவெடுத்துப் பீங்கான் தேய்ப்பான். ஆனால் அந்த ஒன்பது நாளை அவன் விடவே இல்லை. ஒன்றுமே தெரியாமல் ஒன்றுக்குள் இறங்குவது வாழ்க்கையில் ஒருமுறைதான் கிடைக்கும் என்பான். பதினைந்து வருடம் கழித்து 'உப்புக் கிணறு' இரண்டாம் பாகம் வருகிறது, அதுவும் அரபியிலேயே வருகிறது என்று அறிவிப்பு வந்த அன்றே போனிலிருந்த எல்லாக் குழுக்களிலிருந்தும் வெளியேறினான். கூடத்து இளைஞர்களிடம், "எவனாவது ஒரு வார்த்தை எரிச்சான், அவன் பல்லையே அளவெடுத்துடுவேன்" என்றான். மனைவி நிஸ்ரீனிடம், தான் இல்லாதபோதும் அதன் பெயரைச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினான்.

பிப்ரவரியில் ருபாவின் மேசைக்கு ஒரு கோப்பு வந்தது. பெயருக்குப் பதில் ஏதோ எண். படம் கிடையாது. பதினோராயிரம் வரிகள், சீட்டுக் குலுக்கியதுபோல முன்பின்னாக. மூன்றாவது வரியிலேயே அது எந்தக் கிணறு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"வேண்டாம்னா சொல்லு, வேற ஆள்கிட்ட குடுத்துடறேன்," என்றார் மேலாளர் இயாத்.

வேறு ஆள் எழுதினால் அந்தக் குரல் வங்கியிலிருந்து கடிதம் வந்ததுபோலப் பேசும் என்று அவளுக்குத் தெரியும். "நானே செய்றேன்," என்றாள். சொன்ன கையோடு கழிவறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதாள். அவளுக்கு அந்தக் கிணறு அன்றே எரிந்துவிட்டது. அவனுக்காவது எரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் வெள்ளிக்கிழமை ஓட்டம். வேலையைப் பற்றி வெளியே மூச்சுவிடக் கூடாது என்று அவள் கையெழுத்தும் போட்டிருந்தாள். அது ஒரு சாக்கு. கையெழுத்தே இல்லாவிட்டாலும் ஓடியிருப்பாள்.

ஏழாயிரத்து இருநூறாவது வரிக்குப் பக்கத்தில் வந்தது வினை. முதல் பாகத்திலிருந்தே அந்தக் குரல் கூப்பிட்டது ஒருவனை இல்லையாம். எப்போதும் இரண்டு பேரைத்தானாம். ஆங்கிலத்தில் அந்த ரகசியம் பதினோராயிரம் வரியும் பத்திரமாக இருக்கும். அங்கே 'நீ' என்பது யாருக்கும் பொருந்தும் சட்டை. அரபியில் அது நடக்காது. ஆணுக்கு ஒரு 'நீ', பெண்ணுக்கு ஒரு 'நீ', கூட்டத்துக்கு ஒன்று. போதாததற்குச் சரியாக இரண்டே பேருக்கென்று தனியாக ஒன்று. தெருவில் யாரும் அந்த இருவர் வடிவத்தைத் தொடுவதில்லை. செய்தி வாசிப்பவரும் பள்ளி இலக்கணப் புத்தகமும் வைத்துக் காப்பாற்றிவரும் சரக்கு அது. ஒருவனுக்கு உரியதை எழுதினால் பொய். இருவருக்கு உரியதை எழுதினால் முதல் வரியிலேயே கிணறு எரிந்துபோகும். அவளோ அதற்குள் தொள்ளாயிரம் வரிகளில் ஒருவனுக்கு எழுதி அனுப்பியிருந்தாள்.

எல்லாவற்றையும் திரும்ப வாங்கினாள். குரலின் பேச்சில் 'நீ' என்பதே எங்கும் வராமல் எழுத உட்கார்ந்தாள். 'கதவைத் திற' என்பது 'கதவு பூட்டியில்லை' என்றானது. 'உனக்குத் தாகமா?' என்பது 'தாகம் உண்டா?' என்றானது. உட்கார்ந்தாள் என்று சொல்வதுகூடத் தப்பு. பாதி வரிகளை ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே நடந்தபடிதான் யோசித்தாள். தூக்கம் கெட்டது. காய்கறிக் கடையில் கூட 'நீ' வராமல் பேச ஆரம்பித்தாள். "தக்காளி நல்லாயிருக்குமா? எடை சரிதானா?" என்று கேட்டதற்கு, கடைக்காரர் தன்னோடு பேச்சை முறித்துக்கொண்டாளோ என்று பயந்து கூடுதலாக இரண்டு எலுமிச்சை போட்டுக் கொடுத்தார்.

இருவர் வடிவத்தை ஒரே ஓர் இடத்துக்கென்று சேர்த்துவைத்தாள். கோப்பின் கடைசி வரிசையில் குரல் கேட்கும் கேள்வி அது: வந்துவிட்டீர்களா? அதில் மட்டும் அந்த வடிவம் வரும். அதோடு கோப்பு முடிகிறது.

வேலை முடிய நான்கு நாள் இருந்த ஒரு வியாழக்கிழமை, பிற்பகல் தொழுகைக்குப் பிறகு ருபா வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஐந்து ஜோடி ஆண் செருப்புகள் கிடந்தன. உள்ளே தாய்மாமா அபூ முனீஃப், இஸ்திரி போட்ட அங்கியோடும் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற விறைப்போடும் நடுவில் இருந்தார். இரு பக்கமும் முடிதிருத்தும் அபூ ராதியும் அண்டைவீட்டார் இருவரும். கதவோரத்தில், தலையைக் குனிந்தபடி குதைபா.

ருபாவுக்கு உடனே புரிந்தது. இது ஜாஹா. கொலை, விபத்து, பெண் கேட்பது என்று பெரிய விஷயங்களுக்குப் பெரிய மனிதர்கள் கூட்டமாக வருவார்கள் இல்லையா, அந்த ஜாஹா. அம்மா ஏற்பாடு செய்திருக்கிறாள். மகனுக்கும் மகளுக்கும் நடுவே என்ன என்று தெரியாத வேதனையில் தன் தம்பியைக் கூப்பிட்டிருக்கிறாள். அவருக்கும் ஓய்வுக்குப் பிறகு ஒரு வேலை வேண்டியிருந்தது.

ருபா தட்டை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காபி கொண்டுவந்தாள். அபூ முனீஃப் தன் கோப்பையை எடுத்து, குடிக்காமல், முன்னால் இருந்த முக்காலியில் வைத்தார்.

"கேட்டதுக்குப் பதில் வர்ற வரைக்கும் இந்தக் காபியைத் தொடறதா இல்லை."

"மாமா, அது நம்ம வீட்டுக் காபிதானே."

"இன்னைக்கு நான் உனக்கு மாமா இல்லை. குதைபா சார்பா வந்திருக்கேன்."

"பொண்ணுக்கும் நீங்கதானே மாமா?" என்றார் அபூ ராதி.

"அதை அப்புறம் பாத்துக்கலாம். சொல்லும்மா, அண்ணன் வர்ற நேரம் பாத்து நீ கிளம்பறே. அவன் என்ன தப்பு செஞ்சான்? செஞ்சிருந்தா இப்பவே, இங்கயே மன்னிப்புக் கேக்க வெக்கறேன்."

"தப்பு எதுவும் இல்லை."

"அப்ப ஏன் ஓடறே?"

"வேலை இருந்துச்சு."

"வெள்ளிக்கிழமை அரசாங்கமே தூங்குது. உனக்கு மட்டும் என்ன வேலை?"

என்ன வேலை என்று சொன்னால் தீர்ந்தது. ஓடியது ஒரு கேமுக்காக என்று வாயிலிருந்து விழுந்தால் எந்தக் கேம் என்று அவன் கண்டுபிடித்துவிடுவான். அண்ணன் மேல் வெறுப்பு என்று பொய் சொல்லலாம். கதவோரத்தில் குனிந்திருந்த அந்தத் தலையைப் பார்த்தபின் அதற்கு மனம் வரவில்லை. அந்தப் பிடரியை அவளுக்கு அத்தனை வருடமாகத் தெரியும்.

"யம்மா ருபா, சொல்லித் தொலையேன். காபி ஆறுது," என்றாள் அம்மா. அந்த ஊரில் அம்மாக்கள் பெற்ற பெண்ணை அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

எதையாவது செய்ய வேண்டுமே என்று ருபா குதைபாவிடம் போய்த் தட்டை நீட்டினாள். 'தஃபத்தல்' என்று சொல்ல வேண்டும். எடுத்துக்கொள் என்று பொருள். மூன்று மாதமாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது வாயில் வந்து நின்றது.

"தஃபத்தலா," என்றாள்.

இருவர் வடிவம். நீங்கள் இரண்டு பேரும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று, ஒற்றை ஆளிடம்.

அபூ முனீஃப் உடம்பைத் திருப்பி, குதைபாவின் நாற்காலிக்குப் பின்னால் இன்னொரு ஆள் இருக்கிறானா என்று நிஜமாகவே எட்டிப் பார்த்தார். அபூ ராதி தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "வீட்டுக்குள்ளயே எட்டு மணிச் செய்தி வாசிக்கறாங்கப்பா."

குதைபா சிரிக்கவில்லை. நிமிர்ந்து அவளைப் பார்த்தான். தட்டு கீழே இறங்கியிருந்தது. மூன்று மாதம் ஒளித்துவைத்த முகம் ஒரு முழு நிமிடம் அவன் முன்னால் கிடந்தது. அவன் கண்கள் சுருங்கின. சின்ன வயதில் அவள் புருவத்தைப் பார்த்து அடுத்த கதவு எது என்று கண்டுபிடிப்பானே, அதே சுருக்கம். பிறகு கோப்பையைத் தொடாமல் எழுந்தான்.

"மாமா, காபியைக் குடிங்க."

"பதில் வரலையேப்பா."

"வந்துடுச்சு. அவ மேல தப்பு இல்லை. என் மேலயும் இல்லை."

செருப்பைச் சரியாகக்கூட மாட்டாமல் படியிறங்கிப் போய்விட்டான். அபூ முனீஃப் ஆறிப்போன காபியை வெற்றியோடு குடித்தார். உடைந்த குடும்பத்தைத் தான் ஒரே மாலையில் ஒட்டவைத்த கதையை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ருபா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எரித்துவிட்டேன் என்று தலையணைக்குள் சொன்னாள். பதினைந்து வருடமாக அவன் காத்துவைத்ததை, பதினோராயிரம் வரிகளில் ஒளித்துவைத்ததை, காபித் தட்டோடு ஒற்றைச் சொல்லில் எரித்துவிட்டேன். தன்னை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

அடுத்த வெள்ளியிலிருந்து அவள் ஓடவில்லை. ஓடி இனி என்ன காப்பாற்றுவது? மக்லூபாவுக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். பெட்ரோல் விலை, யாரோ ஓர் அமைச்சரின் கடைவாய்ப் பல் என்று எல்லாம் பேசினான். அதை மட்டும் பேசவில்லை. அவளாலும் கேட்க முடியவில்லை. ஒருவேளை அவனுக்குப் புரியாமல் இருந்திருந்தால், புரிந்ததா என்று கேட்பதே எரிப்பதாகிவிடும். கேள்வி தொண்டைவரை வரும். அதன் மேல் ஒரு கரண்டிச் சோற்றைப் போட்டு அமுக்குவாள். கோடை முழுக்க இப்படியே போனது. நான்கு கிலோ ஏறியதுதான் மிச்சம்.

அக்டோபரில் கேம் வெளியானது. குதைபா ஒரு வாரம் விடுப்பு எடுத்தான். முதல் நாள் அவனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. ருபா அலுவலகத்தில் புதிதாக வந்த ஒரு பந்தயக் கார் கேமின் டயர் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தாள். ஒரே டயருக்கு மூன்று விதப் பெயர் வைத்திருப்பதாக இயாத் திருப்பி அனுப்பினார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் குடித்தாள். போனைக் கவிழ்த்து வைப்பாள், நிமிர்த்திப் பார்ப்பாள், மறுபடி கவிழ்ப்பாள். மூன்றாம் நாள் பகல் ஒரு மணிக்கு அது அடித்தது.

"எங்க இருக்கே?"

"ஆபீஸ்ல. என்ன ஆச்சு?"

"வா."

"நல்லாயிருக்கா? பிடிக்கலையா?"

"வான்னா வா."

வாடகைக் காரில் நான்கு பேரோடு இடித்துக்கொண்டு தபர்பூருக்குப் போனாள். வழியெல்லாம் திட்டு வாங்கத் தயாரானாள். திட்டட்டும். அறைந்தாலும் வாங்கிக்கொள்ளலாம். உன்னால் ருசியே இல்லாமல் போயிற்று என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது.

குதைபா மூன்று நாள் தாடியோடு டிவி முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தான். திரை இருட்டு. நடுவில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி மட்டும்: தொடர, இரண்டாவது கட்டுப்பாட்டுக் கருவியை இணைக்கவும்.

ருபா அதை மறுபடி வாசித்தாள். அவளுடைய எழுத்துதான். கோப்பின் சலிப்பான பகுதியில், பாட்டரி தீர்கிறது என்பதற்கும் சேமிக்க முடியவில்லை என்பதற்கும் நடுவில், கொட்டாவி விட்டபடி எழுதிய வரி.

"இது எப்ப வந்துச்சு?"

"பத்து மணிக்கு."

"மூணு மணி நேரமா சும்மாவா உக்காந்திருக்கே?"

"ரெண்டாவது கை கேக்குது. நான் என்ன செய்யட்டும்?"

"நிஸ்ரீன் இருக்காளே."

சமையலறையிலிருந்து நிஸ்ரீனின் குரல் வந்தது. "அதை நான் எடுத்தேன். ஏதோ திருடிகிட்டேர்ந்து பிடுங்கற மாதிரி பிடுங்கிட்டாரு உன் அண்ணன்."

ருபா நின்றுகொண்டே இருந்தாள். கோடை முழுக்க விழுங்கிய கேள்வி இப்போது வெளியே வந்தது. "அன்னைக்கு நான் காபி குடுத்தப்ப..."

"யாரோ ரெண்டு பேருன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. எரிச்சிட்டாளேன்னு ஒரு வாரம் பல்லைக் கடிச்சேன்," என்றான் குதைபா. திரையைக் காட்டினான். "ஆனா இது தெரியாது. உனக்குத் தெரிஞ்சிருக்கும்."

"இல்லை."

"நீதானே எழுதினே?"

"எழுதினேன். பாட்டரி வரிக்குப் பக்கத்துல இருந்துச்சு. ஏதோ மெஷின் சமாசாரம்னு நெனச்சேன்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பீங்கான் பல்லில் விரிசல் தேடுவதுபோல நிதானமாக, நெற்றியிலிருந்து மோவாய்வரை. அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்று நாள் தாடிக்குள் அவன் சிரித்தான். வழக்கம்போல முதுகுக்குப் பின்னால் உட்காரப் போனவளை முழங்கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தான். இரண்டாவது கையை அவள் மடியில் போட்டான்.

"ஹீட்டர் மேல வெச்சிடாதே."

எந்த விரல் எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை. அவனே எடுத்துச் சரியாகப் பிடிக்கவைத்தான். அதில் ஒரு விளக்கு எரிந்தது. திரையிலிருந்த வரி அழிந்து, கிணற்றின் அடியிலிருந்து புதிதாக ஒன்று மேலே வந்தது.

"வாசி," என்றான் குதைபா.

"அரபிதானே. நீயே வாசிக்கலாமே."

"வாசின்னா வாசி."

ருபா வாசித்தாள். "வந்துவிட்டீர்களா?" இருவர் வடிவத்தில், முழுசாக, செய்தி வாசிப்பவர்போல. குதைபாவின் புருவம் உயர்ந்ததைப் பார்த்தாள். இத்தனை காலத்தில் அவன் அதைக் கேட்கும்போது அவன் முகத்தை அவள் பார்த்தது அதுவே முதல் தடவை.

"அப்புறம் என்ன வரும்?" என்றான்.

அந்த வரியோடு கோப்பு முடிந்திருந்தது. அதற்குப் பிறகு யாரும் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. ஆனால் திரையில் ஒரு கதவு திறந்துகொண்டிருந்தது.

"தெரியாது," என்றாள் ருபா. கட்டைவிரலால் எதையோ அழுத்தினாள்.